மாமா ஊற்றிய எண்ணெய்

காலை எட்டரைக்குச் சோதனை. ஒன்பது தாண்டினால் யார் வந்து அழுதாலும் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். உயர்தரப் பரீட்சை, இரசாயனவியல். என் மச்சாளுக்கு, மாமாவின் மகளுக்கு, இது இரண்டாவது தடவை. முதல் தடவை அந்த ஒரு பாடம்தான் காலை வாரியது. இந்த முறையும் வழுக்கினால் கொழும்பில் ஓர் உடுப்புக்கடைக்கு வேலைக்குப் போவதென்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அவள் மறுத்துப் பேசவில்லை. சரி என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தவள்தான், அதன் பிறகு அவளைச் சிரித்த முகத்தோடு கண்டவர் இல்லை.

மூதூருக்குப் போகப் பேசிவைத்த ஓட்டோ வரவில்லை. ஓட்டோக்காரர் போனையும் எடுக்கவில்லை. இலங்கைத்துறையில் மாமா வீட்டு முற்றத்தில் மாமாவும் மாமியும் வீதியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மச்சாள் அனுமதி அட்டையைப் பொலித்தீன் உறைக்குள் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தாள். நான் கிணற்றடியில் பல்லுத் தீட்டிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் பின்னேரம்தான் திருகோணமலையிலிருந்து வந்திருந்தேன், என் பைக்கைக் காட்டுவதற்கென்றே.

“நான் கொண்டுபோய் விடுறன் மாமா,” என்றேன் வாய் நிறைய நுரையோடு. “முக்கால் மணித்தியாலம்கூட எடுக்காது.”

மூவரும் திரும்பித் தென்னைக்குக் கீழே நின்ற அந்தச் சாமானைப் பார்த்தார்கள்.

அது இத்தாலியில் செய்தது. சிவப்புக் குழாய்களைப் பின்னி முடைந்தது போன்ற சட்டம், அதற்குள் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின். காற்றைத் தடுக்கக் கண்ணாடியோ மூடியோ ஒன்றும் கிடையாது. நூற்றுக்கு மேல் போனால் கடல்காற்று நேரே நெஞ்சில் அறையும், பற்களைக் கடித்துக்கொண்டு ஓட வேண்டும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாடகை அறையில் இருந்துகொண்டு இப்படி ஒன்றை வைத்திருப்பது விசர்வேலை என்று எனக்கே தெரியும். உப்புக்காற்று ஒவ்வொரு போல்ட்டையும் தின்னப் பார்க்கும். வேலையால் வந்தவுடன் நான் முகம் கழுவ முதல் அதை நல்ல தண்ணீரால் கழுவுவேன். திருகோணமலைக் கடற்கரை வீதியில் நாய் மாடு போலப் படுத்துக் கிடக்கும் மான்கள் அதன் சத்தத்துக்கு மட்டும் எழும்பி வழிவிடும். அதில் எனக்கொரு பெருமை.

“இவ்வளவு பெரிய சாமானுக்கு ஒரு மூடி போட ஏலாதோ?” என்று முந்தின நாள் மாமா கேட்டிருந்தார். “எலும்பெல்லாம் வெளியிலை தெரியுது.”

“இந்த வகை அப்பிடித்தான் மாமா. எல்லாம் வெளியிலை தெரியிறதுதான் வடிவு.”

“நெத்தலிக் கருவாடும் அப்பிடித்தான்,” என்றாள் மச்சாள், புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அன்றிரவு சாப்பாட்டில் பேச்சோடு பேச்சாக, எண்ணெய் முடியப் போகிறதென்று செம்மஞ்சள் விளக்கு எரிவதையும் சொன்னேன். வழியிலிருந்த பெற்றோல் செட்டிலும் பெற்றோல் இல்லை. மூதூர் வரைக்கும் போதும் என்பது என் கணக்கு.

விடிய அவசர அவசரமாகப் புறப்பட்டோம். மாமி எங்கள் இருவருக்கும் நடுவில் மச்சாளின் பையைச் செருகினாள். “சனம் கதைக்கும்,” என்றாள். சாவியைப் போட்டபோது பார்த்தேன், செம்மஞ்சள் விளக்கு எரியவில்லை. எரியும், அணையும், பெரிய வண்டிகளின் மனநிலை அப்படி என்று நினைத்துக்கொண்டேன். எஞ்சின் ஒரே அழுத்தில் உறுமி எழும்பியது. மாமா கையைத் தூக்கி ஆசீர்வதிப்பது போல நின்றார்.

ஈச்சிலம்பற்று தாண்டும் வரை எல்லாம் நன்றாக இருந்தது. பிரதான வீதிக்கு ஏறி மூன்றாம் கியரில் கைப்பிடியை முறுக்கியபோது, எனக்குக் கீழே யாரோ தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினார்கள். கையைத் தளர்த்தினேன். சத்தம் நின்றது. திரும்ப முறுக்கினேன். திரும்பக் குலுங்கியது. பின்னால் வெள்ளைப் புகை.

“மச்சான்!” ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினாள். “மண்ணெண்ணெய் மணக்குது!”

“வீதியிலை ஏதும் ஊத்துப்பட்டிருக்கும்!”

“வீதி எங்களோடயே வருதோ? உங்கட பைக்தான் மணக்குது. விடிய அப்பா எண்ணெய்க் கானோட நிண்டவர்!”

என் காற்சட்டைப் பையிலிருந்து போனை இழுத்தெடுத்து, ஓடும் பைக்கிலிருந்தே அவள் மாமாவைக் கூப்பிட்டாள். காற்றுக்கு மேலால் அவர் குரல் எனக்கே கேட்டது.

“ஓம், நான்தான் ஊத்தினனான்! மருமோன் எண்ணெய் முடியுதெண்டவர். சாவி ஆணியிலை தொங்கினது.”

“எந்தக் கானப்பா?”

“பெரிய கான்!”

“அது மண்ணெண்ணெயெல்லே!”

“பெற்றோல்தான் உள்ளுக்கு இருந்ததே! அதிலை ஸ்டார்ட் வரும், பிறகு மண்ணெண்ணெயிலை ஓடும். எங்கட வள்ளத்து எஞ்சின் என்னெண்டு ஓடுது?”

அவர் சொன்னதில் அவருடைய கடலுக்கு ஒரு பிழையும் இல்லை. அந்தக் கரையில் எல்லாப் படகும் அப்படித்தான் ஓடுகிறது. சின்னக் கானில் பெற்றோல், கிளப்புவதற்கு. பெரிய கானில் மண்ணெண்ணெய், ஓட்டத்துக்கு. மகள் வழியில் எண்ணெயில்லாமல் நிற்கக்கூடாதென்று, நான் கிணற்றடியில் நின்ற நேரத்தில் தன் கடல் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிட்டிருக்கிறார். குழாயிலிருந்த பழைய பெற்றோல் முடியும் வரைக்கும்தான் எங்களுக்கு நல்ல காலம்.

“சரி மாமா, போயிடுவம்,” என்று கத்தினேன். மச்சாள் போனை என் பைக்குள் திணித்தாள்.

இனி நிலைமை இது. கையை முறுக்கினால் எஞ்சின் தன்னைத்தானே சுத்தியலால் அடிக்கும்; கொஞ்ச நேரம் அப்படி ஓடினால் பிஸ்டன் ஓட்டையாகும். முறுக்காமல் ஊர்ந்தால் சோதனைக்கு நேரம் போதாது. நின்றால் எஞ்சின் அணையும். மண்ணெண்ணெயோடு அணைந்த எஞ்சின் திரும்ப எழும்பாது. இந்த வீதியில் நூற்றைம்பதில் போகக்கூடிய பைக்கில் முட்டைக் கூடை காவுகிறவனைப் போல நான் குனிந்திருந்தேன். ஒரு சைக்கிள்காரர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கன தூரம் கூட வந்தார்.

“மச்சான், நேரம்.”

“தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் இப்பிடிப் போறீங்கள்?”

“முறுக்கினா எஞ்சின் அடிக்குது. உனக்குச் சொன்னா விளங்காது.”

“நொக்கிங். ஒக்டேன் எண் குறைஞ்ச எரிபொருள், நேரத்துக்கு முதல் தானாப் பத்துது. இதுதான் என்ரை சோதனை, மச்சான். எனக்கு விளங்கும்.” பிறகு குரல் இறங்கியது. “உடைஞ்சிடுமோ?”

இடக்கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சூத்திரமா தேவாரமா தெரியாது. இந்தப் பைக்குக்கு ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் கடல் கடந்துதான் வர வேண்டும். அதை எனக்குத் திருத்தித் தரக்கூடிய ஆள் இந்த மாவட்டத்தில் இல்லை. அந்த முகத்தைப் பார்த்தபடி ஒரு கியரை இறக்கினேன். கையை முறுக்கினேன்.

சத்தம் என் தொடை எலும்பு வரைக்கும் ஏறியது. வேகமும் ஏறியது. வயல்கள் பின்னால் பறந்தன. ஒவ்வொரு அடியையும் உள்ளங்காலில் வாங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அந்த எஞ்சினிடம் கெஞ்சினேன். கிளிவெட்டி ஊரும் பின்னால் போய்விட்டது. இந்த ஓட்டத்தில் போனால் மணி அடிக்கும்போதே வாசலில் நிற்கலாம் என்று நினைத்தேன். வளைவு திரும்பியதும் வீதி முழுக்க எருமைகள்.

பட்டி ஒன்று வாய்க்காலிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. சேறு வழிய வழிய, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, ஒரு அவசரமும் இல்லாமல். கிளட்சைப் பிடித்துக்கொண்டு எஞ்சினை உறுமவிட்டேன். திருகோணமலை மான்கள் ஒதுங்கும் அந்தச் சத்தத்துக்கு ஓர் எருமைக் கிடா தலையைத் திருப்பி, நின்று, என்னை நிதானமாகப் பார்த்தது. எஞ்சின் இருமியது, இன்னொரு தடவை இருமியது, அணைந்தது.

ஸ்டார்ட்டரை அழுத்தினேன். சுழன்றது, பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்த அழுத்தச் சுழற்சி சோர்ந்து, கடைசியில் “டிக்” என்றது. பற்றரி முடிந்தது.

மச்சாள் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். அழவில்லை. “நான் ஓடுறன்,” என்றாள்.

“என்னெண்டு ஓடுவாய்? இன்னும் எவ்வளவு தூரம்!”

“அப்ப என்ன செய்யிறது? சொல்லுங்கோ!”

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு றப்பர் ஹோர்ன் “பாப், பாப்” என்றது. பழைய சின்ன ஜப்பான் மோட்டார் சைக்கிள், கரியரில் மீன் பெட்டி, சாரத்தை மடித்துக் கட்டிய, எல்லோரும் ‘நானா’ என்று கூப்பிடும் மூதூர் மீன்காரர். எருமைகளுக்கு அந்த ஹோர்ன் பழக்கம் போல, விலகி வழிவிட்டன.

“என்ன தம்பி, கப்பல் தரை தட்டிட்டா?”

“நானா, இவவுக்குச் சோதனை. ஒன்பதுக்கு முதல் மூதூரிலை நிக்கவேணும்.”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போனது. வழியெல்லாம் வீட்டுக்கு வீடு நின்று விற்கவேண்டிய மீன் பின்னால் இருந்தது. ஒரு தரம் பெட்டியைப் பார்த்தார், ஒரு தரம் அவளைப் பார்த்தார். “ஏறுங்க புள்ள. பெட்டிய இறுக்கிப் பிடிச்சுக்கங்க, மீன் மணக்கும், மன்னிச்சுக்கங்க.”

பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் அவள் ஒடுங்கிக்கொண்டாள். அந்தச் சின்ன எஞ்சின் தையல் மெசின் போலச் சத்தம் போட்டுக்கொண்டு போய், வளைவில் மறைந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான பதட்டம். அவளிடம் போன் இல்லை. எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. எஞ்சினில் கை வைக்கப் பார்த்தேன், சுட்டது. எட்டரை வந்தது, போனது. ஒன்பது வந்தது. வாய்க்காலில் ஒரு கொக்கு நின்ற இடத்திலேயே நின்றது.

மாமா யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். மடியில் சின்னக் கான்; இந்த முறை பெற்றோல். பைக்கையும் வெறும் வீதியையும் பார்த்தார்.

“பிள்ளை?”

சொன்னேன். அவர் வீதிக்கரையில் குந்தினார்.

“எஞ்சின் போயிட்டுதோ?”

“தெரியேல்லை மாமா. அதை விடுங்கோ.”

“நான் வழமையாச் செய்யிறதுதான் செய்தனான்,” என்றார், தண்ணீரைப் பார்த்து.

மூதூர்ப் பக்கமிருந்து “பாப், பாப்” கேட்டது. மாமா எழும்பிவிட்டார். மீன்காரர் தூரத்திலிருந்தே ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். ஓம் என்கிற கையா, இல்லை என்கிற கையா என்று பிரித்தறிய முடியாமல் இருவரும் நடு வீதியில் நின்றோம்.

“உள்ளுக்கு விட்டுட்டன்!” கிட்ட வந்துதான் விளங்கியது. “ஸ்கூல் கேட்ட சாத்தப் போனாங்க. நான் ஹோர்ன விடவே இல்ல. ஒரு வாத்தியார் சேர் ஓடி வந்து புள்ளயக் கூட்டிப் போனார்.”

மாமா மீன் பெட்டியைத் திறந்தார். ஐஸ் பாதி கரைந்திருந்தது. “இது எங்கட கரை மீன்.”

“ஓம் அண்ணன், விடிய அங்கதான் எடுத்த.”

“முழுக்கத் தாரும்.”

“உங்கட மீன உங்களுக்கே விக்கிறதா?”

“தாரும் எண்டுறன்!” என்று மாமா மடியிலிருந்த காசை எடுத்து அவர் கைக்குள் திணித்தார்.

பற்றரி செத்த பைக்கை மீன் பெட்டிக் கயிற்றால் அந்தச் சின்ன ஜப்பானுக்குப் பின்னால் கட்டினோம். என் இத்தாலிக்காரன் முதல் தடவையாகச் சத்தமில்லாமல் மூதூருக்குள் போனான், கைப்பிடியில் மீன் பை தொங்க. கடை வாசல்களில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் தலை குனியவில்லை, ஹெல்மெட் இருந்தது.

பாடசாலை வாசலில் காத்து நின்றோம். வெயில் உச்சிக்கு ஏறியபோது பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். கடைசி ஆட்களோடு மச்சாள் வந்தாள், விரலெல்லாம் மை. அவளுக்குப் பக்கத்தில் வந்த பிள்ளைகள் சற்றுத் தள்ளியே நடந்தார்கள்.

“என்ன மாதிரி எழுதினனி?” என்று கேட்டார் மாமா.

“பக்கத்துக் கதிரை ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதினவ அப்பா.” பிறகு என்னைப் பார்த்தாள். “சோதனையிலை நொக்கிங் கேக்கேல்லை மச்சான். மற்றதெல்லாம் எழுதிப்போட்டன்.”