நான்காவது படம், முழுதாக

என் அம்மா தையற்காரி. முப்பத்தொரு வருஷம் ஒரே கடை, ஒரே மெஷின். அவள் எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. தராசுகளைச் சரிபார்ப்பது என் வேலை. எண்ணைச் சரியாகத்தான் சொல்வேன். அவளும் மறைத்ததில்லை. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கவா முடியும்?" என்று கேட்டு, எல்லோருக்கும் முன்னால் அவளே சிரித்துவிடுவாள்.

போன மாதம் இறந்துவிட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் எடைதான் காரணம் என்றார்கள். காரணம் நிமோனியா. மருத்துவர் எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது.

நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தபோது ஒரு ஃபேஷன் பத்திரிகையில் 'குண்டானவர்கள் தவிர்க்க வேண்டிய ஆறு உடைகள்' என்று ஒரு கட்டுரை வந்தது. நான்காவது படத்தில் ஒரு பெண் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தாள். பச்சைக் கவுன். கழுத்துக்கு மேல் வெட்டியிருந்தார்கள். கவுனின் பாக்கெட் சாய்வாக இருந்தது. பெரிய உடம்புக்கு நேர் பாக்கெட்டில் கை சுலபமாக இறங்காது என்று அம்மா தானே யோசித்து வைத்த வெட்டு அது. வேறு யாரும் அப்படித் தைப்பதில்லை. படத்தில் இருந்தது அம்மாதான்.

மறுநாளே வாடிக்கைக்காரர்கள் மூன்று பேர் பத்திரிகையோடு கடைக்கு வந்தார்கள். ஒருத்தி தைக்கக் கொடுத்திருந்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். நான் அம்மாவிடம் விட்டுவிடச் சொன்னேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, முகம் இல்லாததால் வெளியே யாருக்கும் தெரியாது என்றேன்.

"தெரிஞ்சா என்னடி?" என்றாள்.

திங்கட்கிழமை பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். நான் கூடப் போகவில்லை. நடந்ததையெல்லாம் பிறகு அங்கே வரவேற்பில் இருந்த பெண் சொல்லித்தான் தெரியும். ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார். இணையத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடுவதாகச் சொன்னார். எடுக்க வேண்டாம், தலையோடு முழுசாகப் போடுங்கள் என்றாள் அம்மா. பாக்கெட் ஏன் சாய்வாக இருக்கிறது என்று பக்கத்தில் எழுத வேண்டும் என்றும் கேட்டாள்.

"உங்க மரியாதைக்காகத்தானேம்மா முகத்தை எடுத்தோம்" என்றார் ஆசிரியர்.

"இதே புத்தகத்துல ஒல்லியா இருக்கறவங்க படம் நாப்பது இருக்கு. எண்ணிட்டுத்தான் வந்தேன். ஒருத்தர் தலையையும் வெட்டலையே சார். அவங்களுக்கெல்லாம் மரியாதை வேணாமா?"

அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார். அடுத்த திங்களும் போனாள். வரவேற்பில் இருந்த நாற்காலிகளின் கைப்பிடிகளுக்குள் அவளால் உட்கார முடியவில்லை. அதற்கடுத்த வாரம் கடை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனாள். காலையிலிருந்து மதியம்வரை அங்கேயே உட்கார்ந்து, கொண்டுபோன துணிகளுக்கு ஓரம் தைத்தாள். நாலாவது வாரம் வரவேற்புப் பெண் பிய்ந்த ஜிப்போடு ஒரு பாவாடையைக் கொண்டுவந்தாள். ஆறாவது வாரம் புகைப்படக்காரரே தன் சட்டையை நீட்டினார். ஸ்டூலைக் கடக்காமல் ஆசிரியர் தன் அறைக்குப் போக முடியாது.

ஏழாவது திங்கள் ஒப்புக்கொண்டார். அடுத்த இதழில் படம் வந்தது. தலை இருந்தது. வாய் திறந்திருந்தது, யாரையோ கூப்பிடுவதுபோல. பக்கத்தில் பாக்கெட்டைப் பற்றி நாலு வரி. கடையில் அந்தப் பாக்கெட் கேட்டு வந்தவர்களுக்கு அவள் கடைசிவரை தைத்துக் கொடுத்தாள்.

யாரைக் கூப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை.

இறந்த பிறகு கடை மேஜை இழுப்பறையைக் காலி செய்தேன். ஒரு உறையில் அந்தப் படத்தின் பெரிய பிரதி இருந்தது. வலது ஓரத்தில், துணியில் குறி போடும் வெள்ளைப் பென்சிலால் மேலிருந்து கீழே ஒரு கோடு. அச்சில் வந்த படம் அந்தக் கோட்டோடு முடிந்திருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நான்.

தலையைக் குனிந்து நடந்துகொண்டிருக்கிறேன். நடைபாதைக் கற்களை எண்ணிக் கணக்கிட்டேன். எங்களுக்கு நடுவே மூன்றரை மீட்டர். அந்த நாட்களில் தெருவில் அவளுக்கு முன்னால்தான் நடப்பேன். சேர்த்து யாரும் பார்க்கக் கூடாது என்று.

ஏழு வாரம் வெட்டாதே என்று உட்கார்ந்தவள், ஒரே ஒரு வெட்டு கேட்டு வாங்கியிருக்கிறாள். அதுவும் எனக்காக.

சுவரில் மாட்ட அந்தப் பிரதியைத்தான் ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனேன். கூட வந்த தாய்மாமா, கணினியில் கொஞ்சம் ஒல்லியாக்கிவிடலாம், இனி எல்லோரும் பார்க்கிற படம் லட்சணமாக இருக்கட்டும் என்றார். முடியாது என்றேன். ஸ்டுடியோக்காரர் கோட்டை அழித்துத் தருவதாகச் சொன்னார். அதுவும் இருக்கட்டும் என்றேன்.

"ஓரத்துல போற பொண்ணை எடுத்துடலாமா?" என்று கேட்டார்.

"வேணாம். ஒரு மில்லிமீட்டர்கூட வெட்டாதீங்க."