பழைய சேவரும் கஜனும் நானும்

வெப்சைட் செய்யிற தொழிலிலை கோட் எழுதிறது கால்வாசி, எழுதினதைச் சேவரிலை, அதாவது வெப்சைட்டுகள் குடியிருக்கிற கொம்பியூட்டரிலை, ஏத்தி ஓடப்பண்ணுறது மிச்ச முக்கால்வாசி. ஏத்திப் பாத்தவைக்கு நான் சொல்லுறது விளங்கும். ஏத்தாதவை நிம்மதியா இருங்கோ, உங்களைப் பாத்தாலும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

எங்கடை ஒஃபிஸ் மானிப்பாயிலை ஒரு பாமசிக்கு மேல்மாடி. மூண்டு பேர்தான். முதலாளி வாகீசன் அண்ணை, ஆறு வருசமா நான், போன வருசம் வந்து சேர்ந்த கஜன். சுவிஸிலை இருக்கிற ஒருத்தர் சுன்னாகத்திலை கல்யாண மண்டபம் கட்டி, சனம் நாள் பாத்துப் பதியிறதுக்கு ஒரு வெப் அப் கேட்டவர். வாகீசன் அண்ணை அதை என்னட்டைத் தந்தவர். தரேக்கை ஒரு சொல்லும் சொன்னவர். இது ஒழுங்கா ஓடினால் மண்டபக்காரற்றை மற்ற வேலையள் எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு. ஓடாட்டி எல்லாம் கஜனட்டை.

போட்டான், ஓடிச்சுது

கஜன் பி.எச்.பி. எண்ட கோட் பாஷைக்காரன். எழுதுவான், எழுதினதை இழுத்துச் சேவர் ஃபோல்டருக்குள்ளை போடுவான், வெப்சைட் வந்திடும். பேந்து கீழை இறங்கி வாய்ப்பன் சாப்பிடப் போயிடுவான். நான் பைதன் எண்ட வேறை பாஷையிலை, ஒரு சின்ன ஃபிரேம்வேர்க்கிலை எழுதிறனான். என்ரை கோட் வடிவான கோட், நானே சொல்லுறன். ஆனால் எங்கடை சேவர் வாகீசன் அண்ணை தொழில் தொடங்கேக்கை பழசா வாங்கினது. என்ரை அப் எங்கை இருக்கு, அதை ஆர் தொடக்கி வைக்கிறது, என்ன பாஷையிலை கதைக்கிறது எண்டு அதுக்கு ஒவ்வொரு வரியா எழுதிக் குடுக்கவேணும்.

முதல்நாள் காலமை தொடக்கம் பின்னேரம் வரைக்கும் எனக்கு வந்தது ஒரே ஒரு பதில், இன்டேர்னல் சேவர் எரர். உள்ளை ஏதோ பிழை, என்னெண்டு சொல்லாது. அந்த ஒரு நாளைக்குள்ளை கஜன் குருநகரிலை ஒரு ஐஸ்காரருக்கும் ஒரு டியூசன் வாத்தியாருக்குமா ரெண்டு வெப்சைட் ஏத்தி முடிச்சிட்டான். எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. அவன் கை துடைச்சுக்கொண்டு வந்து என்ரை திரையை எட்டிப் பாத்தான். நக்கலாக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை, உண்மையா இரக்கப்பட்டுக் கேட்டான்.

"அக்கா, நீங்கள் இன்னும் அதிலையோ நிக்கிறியள்?"

சேவரின்ரை வயசு

ரெண்டாம் நாள்தான் பிழை பிடிபட்டுது. சேவரிலை இருந்த பைதன் அவ்வளவு பழசு, என்ரை ஃபிரேம்வேர்க் அதோடை சேராதாம். சேவரைப் புதுசாக்குவம் எண்டு வாகீசன் அண்ணையைக் கேட்டன். அவற்றை முகம் கறுத்துப் போச்சு. கோயில், பள்ளிக்கூடம், நகைக்கடை எண்டு ஊர்ப்பட்ட வெப்சைட்டுகள் அதிலை இருக்கு, ஒண்டிலை கைவைச்சால் ஒன்பது விழும். அதாலை என்ரை சொந்த ஃபோல்டருக்குள்ளை புதுப் பைதன் ஒண்டைத் தனியா இறக்கி, பழைய சேவருக்கு அதைக் காட்டிக் குடுத்து, இன்னும் ரெண்டு நாள் போச்சு.

அந்த நேரம் பாத்துக் கொழும்பிலை வேலை செய்யிற என்ரை சிநேகிதி, தான் கிளவுட்டிலை ஒரே கட்டளையிலை அப் ஏத்தினதெண்டு பேஸ்புக்கிலை போட்டிருந்தாள். அதுக்கு ஒரு ஹார்ட் போட்டிட்டு ஃபோனைக் கவிட்டு வைச்சன். வேறை என்ன செய்யிறது? வாகீசன் அண்ணை என்ரை முகத்தைப் பாத்திட்டு ஆறுதல் சொல்ல வந்தவர்.

"பிள்ளை, உந்தச் சேவர் எங்கடை மாமனார் மாதிரி. மாத்தேலாது, சமாளிக்கத்தான் வேணும்."

மாத்தினது மாறேல்லை

ஒருவழியா ஓடத் தொடங்கிச்சுது. மண்டபக்காரர் சுவிஸிலை இருந்து பாத்திட்டு, "வெடிங்" எண்டு இருக்கிறதைத் "தாலிகட்டு" எண்டு மாத்தச் சொன்னவர். மாத்திப்போட்டு ஃபோன் எடுத்துச் சொன்னன். மாறேல்லை எண்டார். திரும்ப மாத்தினன். மூடித் திறந்து பாருங்கோ எண்டன், மனிசியின்ரை ஃபோனிலை பாருங்கோ எண்டன், கடைசியிலை சுவிஸ் இன்டர்நெட்டிலை ஏதோ பிழை எண்டும் சொல்லிப்போட்டன். மனிசன் பொறுமையா எல்லாம் செய்தார்.

விசயம் என்னெண்டால், என்ரை அப்பிலை கோட்டை மாத்தினால் மட்டும் காணாது, அப்பை நிப்பாட்டித் திரும்பத் தொடக்கவேணும். அதுவரைக்கும் சேவர் பழசையே காட்டும். கஜன்ரை பி.எச்.பி.க்கு உந்தக் கரைச்சல் இல்லை. இதை எனக்குச் சொன்னது ஆரெண்டு நினைக்கிறியள்? கஜன்தான், பிளேன்டீயோடை எனக்குப் பின்னாலை நிண்டு, ஃபோனிலை இருந்த மண்டபக்காரருக்கும் கேக்கச் சொன்னான். திரும்பத் தொடக்கினன், மாறிச்சுது. மண்டபக்காரருக்கு நல்ல சந்தோசம்.

"இப்ப சரி தங்கச்சி. பக்கத்திலை நிண்டு சொன்ன தம்பிக்கு என்ரை நன்றியைச் சொல்லிவிடுங்கோ."

பூட்டு

திறப்புவிழாவுக்கு முதல்நாள் சாப்பிட்டிட்டு வாறன், கஜன் தன்ரை மேசையிலை இருந்து என்ரை கோட்டை வாசிச்சுக்கொண்டிருக்கிறான். எங்கடை சேவரிலை ஆரின்ரை ஃபோல்டரையும் ஆரும் திறக்கலாம். பைதன் பழகத்தான் பாத்தன் எண்டான். நான் நம்புவனோ? இண்டைக்கு வாசிப்பான், நாளைக்கு அதையே ஒரு பின்னேரத்துக்குள்ளை பி.எச்.பி.யிலை செய்து அண்ணையட்டைக் கொண்டுபோய்க் காட்டுவான், என்ரை ஆறு வருசமும் போச்சு. நான் நல்லாச் சிரிச்சுக்கொண்டு, பாருங்கோ தம்பி, பழகத்தானே வேணும் எண்டன்.

அவன் அங்காலை போனதும் ஒரு வரி அடிச்சு என்ரை ஃபோல்டரைப் பூட்டினன். என்னைத் தவிர ஒருத்தரும் வாசிக்கவும் ஏலாது, உள்ளை போகவும் ஏலாது. அந்தக் கிழமையிலை எனக்கு முதல்முதலா வந்த சந்தோசம், புளுகம் அதுதான். வீட்டை போக வெளிக்கிடேக்கை அவன் வந்து பக்கத்திலை நிண்டான்.

"அக்கா, உங்கடை ஃபோல்டர் இப்ப திறக்குதில்லை. நான் ஏதும் பிழை விட்டிட்டனோ?"

சுபநேரம்

ஐயர் குறிச்சுக் குடுத்த நேரம் காலமை ஒன்பது பத்திலை இருந்து பத்து மணி. சுவிஸ்காரர் குடும்பத்தோடை வந்திறங்கியிருந்தார். மண்டபத்திலை நிறைகுடம் வைச்சு, குத்துவிளக்குக் கொளுத்தி, என்ரை லப்டொப்புக்கும் சந்தனம் குங்குமம் வைச்சாச்சு. ஒன்பதுக்கு இருவது நிமிசம் கிடக்கேக்கை ஒருக்காத் திறந்து பாத்தன். போபிடன் எண்டு வருது. உள்ளை வரத் தடை எண்டு அர்த்தம்.

முதல் வந்த நினைப்பு, கஜன்தான் ஏதோ செய்துபோட்டான் எண்டதுதான். மறைக்கேல்லை, சொல்லுறன். ஒவ்வொரு ஃபைலா அனுமதி குடுத்துப் பாத்தன், அசையேல்லை. முதல்நாள் பூட்டினது எனக்கு நல்ல ஞாபகம். ஆனால் அது கஜனுக்குத்தானே பூட்டினது? ஒன்பது மணியாச்சு. வாகீசன் அண்ணை மணிக்கூட்டையும் பாக்கிறார், என்னையும் பாக்கிறார். கஜனைக் கேக்காட்டி வேலை கஜனட்டைப் போகும். கேட்டாலும் கஜனட்டைத்தான் போகும். அவன் கதிரை அடுக்கிக்கொண்டு நிண்டான். கூப்பிட்டன். வந்து குனிஞ்சு பாத்தான். ஒண்டையும் தொடேல்லை, மற்றவைக்குக் கேக்காமல் சொன்னான்.

"அக்கா, உங்களைத் தவிர ஒருத்தரும் உள்ளை போகேலாமல் பூட்டியிருக்கிறியள். சேவருக்கும் சேத்துத்தானே பூட்டுப்படும்?"

அண்ணை கேட்ட கேள்வி

பூட்டைத் திறந்தன், வந்திட்டுது. சுவிஸ்காரர் சுபநேரத்துக்குள்ளையே பட்டனை அமத்தி, தன்ரை தங்கச்சியின்ரை மகளின்ரை கல்யாணத்தை முதல் பதிவாப் பதிஞ்சார். எல்லாரும் கைதட்டிச்சினம். வாகீசன் அண்ணை மட்டும் கைதட்டாமல் நேரா கஜனட்டைப் போனார். என்னட்டைக் கேக்கேல்லை, அவனட்டைத்தான் கேட்டார், கடைசி நேரத்திலை என்ன பிழை வந்தது எண்டு. நான் லப்டொப்பைத் துடைக்கிற மாதிரி நிண்டு கேட்டுக்கொண்டிருந்தன். அவன் ஒரு சொல்லுச் சொன்னால் காணும், மண்டபக்காரற்றை வேலை முழுக்க அவனுக்கு. அவன் என்ரை பக்கம் திரும்பிக்கூடப் பாக்கேல்லை.

"ஒண்டுமில்லை அண்ணை, சேவர் பழசுதானே."

பொறுப்பு எனக்குத்தான் கிடைச்சது, ஆனால் அவன்ரை இடத்திலை நான் நிண்டிருந்தால் நடந்ததை ஒண்டும் விடாமல் அண்ணையட்டை ஒப்பிச்சிருப்பன் எண்டு எனக்கு வடிவாத் தெரியிறபடியால், இப்ப அவன்ரை நல்ல குணத்திலையும் எனக்குப் பொறாமை.