தீவுச் சண்டை வாத்தியார்

சொத்துச் சட்டம் நடத்தும் ஆசிரியரிடம் ஊரே ஆலோசனை கேட்கும். சர்வதேசச் சட்டம் நடத்தும் என்னிடம் காபி சாப்பிட்டாச்சா என்று மட்டும்தான் கேட்பார்கள். பாடம் எடுத்துப் பிழைக்கும் சகாக்களே, உங்களுக்குப் புரியும். கோயமுத்தூரில் ஒரு சட்டக் கல்லூரியில் நான் பட்ட பாடு இது.

முட்டைக் கணக்கு

ஆளில்லாத ஒரு தீவுக்கு இரண்டு நாடுகள் உரிமை கொண்டாடினால் நீதிமன்றம் எதைப் பார்க்கும்? அங்கே அரசாங்கமாக நடந்துகொண்டது யார் என்று பார்க்கும். கலங்கரை விளக்கம் வைத்தார்களா, ஆமை முட்டை எடுக்க உரிமம் கொடுத்தார்களா, இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள்கூடச் சாட்சியாகும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

கடைசி பெஞ்சில் பிரபு எழுந்தான். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் குடும்பம். ரொம்பப் பணிவாகக் கேட்டான்: "அப்படின்னா நாங்க எடுக்கற முட்டைக்கு எத்தனை தீவு வருங்க சார்?"

கலர் மேப்

மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு இவனையும் கோட்டைமேட்டு ஜவுளிக்கடைக்காரர் மகள் ஹசீனாவையும் தேர்ந்தெடுத்தேன். கற்பனைத் தீவு ஒன்றுக்கு இரண்டு நாடுகள் வழக்காடுவதுதான் போட்டி. முதல் பயிற்சிக்குப் பிரபு, போட்டிக்காரர்கள் தந்த வழக்குக் கோப்பிலிருந்த ஒரு பழைய வரைபடத்தைக் கைக்காசு போட்டுக் கலரில் சுவரளவுக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்தான். தீவுக்கு அவன் வாதாடும் நாட்டின் நிறமே அடித்திருந்தது. அதோடு வழக்கு முடிந்தது என்ற முகத்தோடு நின்றான்.

பயிற்சிக்காக எதிர்த்தரப்பில் நின்ற ஹசீனா கேட்டது ஒன்றே ஒன்று. இதை வரைந்தது யார், எங்கள் நாடு இதில் கையெழுத்துப் போட்டதா? வரைந்தது ஏதோ ஒரு பதிப்பகம். ஒப்பந்தத்தோடு சேராத வரைபடம் தனியாகப் பட்டா ஆகாது என்று நானும் சொல்லவேண்டியதாயிற்று. மறுநாள் பயிற்சிக்கு ஆளைக் காணோம். தேடிப் போனால் கேண்டீனில் உட்கார்ந்திருந்தான். "கருப்பு வெள்ளையில எடுத்திருந்தா இவ்வளவு வருத்தம் இருக்காதுங்க சார்" என்றான்.

தென்னங்கன்று

ஒருவழியாகத் திரும்பி வந்தான். தகராறு தொடங்கிய பிறகு அவசர அவசரமாகச் செய்கிற காரியம் சாட்சியாகாது என்று அந்த வாரம் சொல்லிக்கொடுத்தேன். வந்தது வினை.

அவன் அப்பாவுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் வேலித் தகராறு. வக்கீல் நோட்டீஸ் வந்த கையோடு அப்பா அந்த இடத்தில் தென்னங்கன்று நட்டிருக்கிறார். இவன் அவரிடமே போய், இது செல்லாது என்று விளக்கியிருக்கிறான். அது நாடுகளுக்கான சட்டம், தோட்டத்துக்கு வேறு சட்டம் என்று நான் போனில் அப்பாவுக்குச் சமாதானம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க சார், பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கு வக்கீலாகறதுக்குத்தான் இவனைப் படிக்க வெச்சனுங்களா?"

பாறை

போட்டி சென்னையில், தமிழில் நடந்தது. குலுக்கலில் எங்களுக்கு வந்தது பயிற்சியில் ஹசீனா வாதாடிய மற்ற நாடு. பிரபு ஆசையாகப் பெரிதாக்கிய அந்த வரைபடம் இப்போது எதிரியின் கையில். அவன் முகம் வெளுத்துப்போயிற்று. ஹசீனா தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

எழுந்து நின்றான். வரைந்தவர் அந்தத் தீவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை, எங்கள் நாடோ அங்கே விளக்கு ஏற்றியது, முட்டைக்கு உரிமம் கொடுத்தது, எதிர்த்தரப்பு ஒருநாளும் ஆட்சேபிக்கவில்லை என்று நிதானமாக அடுக்கினான். நடுவராக இருந்த அம்மையார் குறுக்கிட்டு, ஒரு விளக்கும் ஒரு உரிமமும் ஆட்சியாகிவிடுமா என்றார். பிரபு கொஞ்சம் யோசித்தான். பிறகு ஊர்ப் பேச்சே வந்துவிட்டது: "ஆளே இல்லாத பாறைக்கு அதுக்கு மேல என்னத்தைங்க செய்யறது?"

நடுவர்கள் சிரித்துவிட்டார்கள், எங்களுக்கு இரண்டாம் பரிசு.

வழக்கில் தோற்றாலும் கட்சிக்காரர் வீடு தேடி வந்து சட்டையைப் பிடிக்காத ஒரே சட்டத் துறை என்னுடையதுதான் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.