விசிறித் தண்டில் சிவப்பு நூல்

சதுரங்கப்பட்டினம் முதல் மாமல்லபுரம் வரை, படகு எஞ்சினில் தண்ணீர் எந்த வழியாக ஏறுகிறது என்று ஒன்பது வயதிலேயே கண்டுபிடித்த ஒரே ஆள் நான்தான்.

பொய். கண்டுபிடித்தது அப்பா. நான் சைக்கிள் பம்பு அடித்தேன். அதிலும் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் வகுப்பை இரண்டு முறை படித்துவிட்டு நின்றவனுக்கு அவ்வளவுதான் தம்.

அப்பா கரையோரம் கொட்டகை போட்டு எஞ்சின் பழுது பார்ப்பவர். அன்று வந்தது சித்தப்பாவின் எஞ்சின். கடலில் கானாங்கெளுத்தி மீன் அள்ளிக்கொண்டிருந்த நேரம். சித்தப்பாவால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. உட்காருவார், எழுவார், பீடி பற்றவைப்பார், இழுக்காமலே எறிவார்.

“இன்னா அண்ணே, முடிஞ்சிதா?”

“இன்னும் திருகே கழட்டலடா. செத்த குந்து.”

படகைத் தள்ளும் விசிறிக்கு முன்னால், பல்சக்கரங்கள் எண்ணெயில் ஊறிக் கிடக்கும் அடிப்பெட்டி ஒன்று இருக்கும். அதன் அடித்திருகைக் கழற்றியதும் உப்புத்தண்ணீர் கொட்டியது. பின்னாலேயே பால் டீ நிறத்தில் எண்ணெய். அப்பாவுக்குக் கவலை வந்தது. எனக்கு டீ குடிக்கும் ஆசை வந்தது.

பெட்டியைக் காலி செய்து பீப்பாய்த் தண்ணீரில் முக்கி, திருகு ஓட்டையில் குழாயை மாட்டி, என்னைக் காற்றடிக்கச் சொன்னார். சைக்கிள் பஞ்சர் பார்க்கிற அதே வித்தைதான். எங்கே குமிழி வருகிறதோ அங்கேதான் கோளாறு.

குமிழி விசிறித் தண்டிலிருந்து வந்தது. அப்பா விசிறியை உருவினார். தண்டைச் சுற்றி நைலான் நரம்பு வலை இறுகி, சூட்டில் இளகி, தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் ‘சீல்’ வளையத்தை அறுத்திருந்தது. சுரண்டி எடுத்த குப்பையை நான் கையில் வாங்கிக்கொண்டேன். நடுவே ஒரு சிவப்பு நூல் முடிச்சு.

அந்த முடிச்சு அம்மாவுடையது. மாமாவின் வலை கிழிந்தால் அவள்தான் சிவப்பு நூலில் தைத்துக் கொடுப்பாள். அவள் அண்ணன் வலைக்கு மட்டும்தான் அந்த நிறம். அந்த வலையை நான்கு நாள் முன்பு யாரோ படகை ஏற்றி அறுத்திருந்தார்கள். “நான் அந்தப் பக்கமே போவல” என்று சித்தப்பா ஊர்க்கூட்டத்தில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார். பொய் என்று தெரிந்தால், ஒரு மாதம் கடலில் இறங்கக் கூடாது, அது ஊர்க்கட்டு.

எனக்கு அதெல்லாம் எங்கே உறைத்தது?

“ஐ, எங்கம்மா போட்ட முடிச்சு!” என்று கத்தினேன்.

சித்தப்பாவின் பீடி வாயிலேயே அணைந்தது. அப்பா என் கையைப் பிடிக்க வருவதற்குள் மாமா கொட்டகைக்குள் தலையை நீட்டினார்.

“இன்னா மாப்ள, பையன் கூவுறான்? எஞ்சினுக்கு இன்னாவாம்?”

“ஒண்ணுமில்ல மச்சான். சீலு பழசு. தானா பிஞ்சிக்கிச்சி.”

எஞ்சின் விஷயத்தில் பொய் சொன்னால் நடுக்கடலில் ஆள் போவான் என்று எல்லோருக்கும் பாடம் எடுக்கிற அப்பா! பாவம், சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நான் உதவிக்குப் போனேன்.

“பழசு இல்ல மாமா. தோ பாரு, உன் வலதான் சுத்திகினு கீது!”

நூலை அவர் உள்ளங்கையில் வைத்தேன். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா மணலைப் பார்த்தார். அப்பாவோ பீப்பாயிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அதில் குமிழி நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

மாமா நூலை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டார்.

“பழசுதான் மாப்ள. நல்லதா ஒண்ணு போட்டு வுடு.” போகிற போக்கில் என் காதைத் திருகினார். “டேய், உங்கம்மாகிட்ட மூச்சு வுட்ட, தொலச்சிடுவேன்.”

காது எரிந்தாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவுக்கும் எஞ்சின் தெரியவில்லை, மாமாவுக்கும் தெரியவில்லை, இந்தக் கரையில் எனக்கு மட்டும்தான் தெரிகிறது என்று நம்பினேன். தங்கை வாழ்கிற வீடு என்பதற்காக ஒருவர் தன் வலையை விட்டுக்கொடுப்பார் என்பது, பம்பு அடிக்கிறவனுக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை.

மறுநாள் காலை சித்தப்பா மாமா வீட்டு வாசலில் போய் நின்று...

“டேய், யார்கிட்டடா கத வுட்டுகினு கீற? சோறு ஆறுது, வூட்டுக்குள்ள வா!”

அம்மா கூப்பிடுகிறாள். இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த நூல் கதை அவளுக்கு இன்றுவரை தெரியாது.