விபத்தில்லாத முந்நூறு நாள்

எங்கள் தொழிற்சாலையில் அவருக்கு ‘அவசரம்’ என்று பேர் வைத்தவன் நான்தான். மனுஷன் எதற்கும் அவசரப்பட மாட்டார். தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் பிரஸ் மெஷினில் பத்தொன்பது வருஷம். தகட்டை வைப்பார், கையை எடுத்துவிட்டோமா என்று பார்த்துக்கொள்வார், அப்புறம்தான் மிதியை அழுத்துவார். "என்னண்ணே, விரலை எண்ணிட்டீங்களா?" என்று கிண்டல் செய்வோம். சிரித்துக்கொள்வார். அத்தனை வருஷத்தில் அவர் உடம்பில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அப்போதுதான் வாசலில் அந்தப் பலகையை மாட்டினார்கள். ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று எழுதி, கீழே ஓர் எண். அது முந்நூறைத் தொட்டால் எங்கள் பிரிவின் இருபத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வாஷிங் மெஷின். நடுவில் ஒருவருக்கு அடிபட்டாலும் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். முதல் இரண்டு மாதம் உண்மையாகவே கவனமாக இருந்தோம். பிறகு எங்கள் புத்தி வேலை செய்தது. அடிபடாமல் இருப்பதைவிட, அடிபட்டதைச் சொல்லாமல் இருப்பது சுலபம். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு எடுத்தால் நோட்டில் எழுத வேண்டும். ஆகவே பஞ்சையும் களிம்பையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்தோம். மேனேஜர் பெட்டியைத் திறந்து காட்டி, "பாருங்க, எதுவுமே குறையல!" என்று பூரித்துப்போனார்.

இருநூற்று எண்பத்தேழாம் நாள். பக்கத்து மெஷின்காரர் கையைச் சுட்டுக்கொண்டு அதை மறைத்துக்கொண்டிருந்ததால், அவருடைய மெஷினையும் சேர்த்து அவசரம் அண்ணன்தான் ஓட்டினார். இரண்டுக்கும் நடுவே ஓடி ஓடி, ஒருமுறை பார்க்காமல் மிதித்துவிட்டார். வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின.

அலறல் கேட்டுக் கூடினோம். அவர் தன் கையைப் பார்க்கவில்லை, எங்கள் முகங்களைப் பார்த்தார். ஆஸ்பத்திரி என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. வாயைத் திறந்த ஒரே ஆள் நான்.

"அண்ணே, இன்னும் பதிமூணே நாள்."

"சரி, துணி இருந்தா கட்டிவிடு" என்றார். கட்டிவிட்டேன்.

பதிமூன்று நாளும் கையுறைக்குள் கையை ஒளித்துக்கொண்டு வந்தார். அவர் வேலையை நாங்கள் மாற்றி மாற்றிச் செய்தோம். அதில் எங்களுக்குப் பெருமை வேறு, வெட்கங்கெட்ட பெருமை. அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. தெருக்கோடி டாக்டரிடம், வீட்டுக் கதவில் நசுங்கியது என்று சொல்லி மாத்திரை வாங்கினார். முந்நூறாம் நாள் மேனேஜர் கை குலுக்க வந்தபோது இடது கையை நீட்டினார். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள்.

இனி பிரஸ் ஓட்ட முடியாது என்று வேலையிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். நஷ்டஈடு கேட்டதற்கு, டாக்டர் சீட்டில் கதவு என்று இருக்கிறது, எங்கள் நோட்டில் ஒன்றுமே இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். பலகை அப்போது முந்நூற்று முப்பதைத் தாண்டியிருந்தது. ஐந்நூறுக்கு ஃப்ரிட்ஜ் என்று அறிவித்திருந்தார்கள்.

"தம்பி, நீங்க கண்ணால பார்த்ததை ரெண்டு வரி எழுதிக் கொடுத்தா போதும்னு வக்கீல் சொல்றாரு."

எழுதினால் எண் போய்விடும். கொடுத்த வாஷிங் மெஷினையும் திருப்பிக் கேட்பார்கள். மற்றவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். இவ்வளவும் ஒரு நொடியில் எனக்குள் ஓடி முடிந்தது.

"நான் அன்னைக்கு லீவு அண்ணி."

"லீவா?" என் முகத்தையே பார்த்தார். "வேற யார்கிட்டயும் போகாத, அவன்கிட்ட போ, அவன் கண்டிப்பா எழுதித் தருவான்னு சொல்லித்தான் அனுப்பினாரு."

அவர் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. எழுந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாசல்லயே உட்கார்ந்திருப்பாரு. போய் என்னன்னு சொல்லட்டும் தம்பி?"

"நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிடுங்க அண்ணி" என்றேன்.

"சரி தம்பி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.