தனலட்சுமி அக்காவின் கேள்விக்குறி

வியாழக்கிழமை காலை எங்கள் ஆய்வகத்து வாட்ஸப் குழுவில் ஒரே ஒரு வரி வந்தது. தனலட்சுமி அக்கா மாரடைப்பில் காலமானார். படித்தேன், போனைக் கவிழ்த்து வைத்தேன், டீயைக் குடித்து முடித்தேன். அழுகை வரவில்லை.

பொன்னேரிப் பக்கம் நெல் விளைவிக்கும் வீட்டில் பிறந்தவர் அக்கா. சூரியனைக் கண்காணிக்கும் எங்கள் ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர். சூரியன் வெடித்துச் சீறும்போது கிளம்பும் அதிர்ச்சி அலை, துகள்களை எப்படி வேகமேற்றி விரட்டுகிறது என்பதுதான் அவருக்கு வேலை, பேச்சு, சாப்பாடு எல்லாம். நானோ பசியாவரத்து மீனவர் மகன்; அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

ஒருமுறை, அப்படியொரு அலை வருகிறது என்ற அவர் பேச்சை நம்பி, படகுக்கு வழிகாட்டும் ஜிபிஎஸ் மெஷின் தடுமாறும் என்று ஊருக்குச் சொல்லிப் படகுகளைக் கரையிலேயே நிறுத்தினேன். அலையோ பூமியைத் தொடாமலே விலகிப் போனது. ஊரே என்னைக் கிழித்தது. இனி எங்கள் ஊர் விஷயத்தில் தலையிடாதீர்கள் என்று அக்காவிடம் மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிட்டேன்.

அடுத்த வருடம் மறுபடியும் துகள்கள் வந்தன. மறுநாள் மாலை நைனாவின் படகு முகத்துவாரம் வழியாகத் திரும்ப வேண்டும். அங்கே மணல்மேடுகளுக்கு நடுவே வழி குறுகல், தவறினால் படகு கவிழும். நான் வாயே திறக்கவில்லை. மறுநாள் மதியம் அக்காவே என் போனை வாங்கி, கடலில் இருந்த நைனாவிடம் பேசினார்.

"ரெண்டு பக்கமும் வலைய நெருக்கினா நடுவுல இருக்கிற மீனு இங்க முட்டி அங்க முட்டி வேகமாவுது இல்ல, நைனா? சிலது எகிறி முன்னால ஓடிடும். சூரியத் துகளும் அப்படித்தான், நேத்தே வந்துடுச்சு. வலையாட்டம் அந்த அலை இப்பதான் வருது. மெஷின நம்பாதீங்க, லைட்டவுஸ கண்ணால பாத்து வாங்க."

"போன வாட்டியும் இதத்தானம்மா சொன்ன?"

"ஆமா, தப்பாப் போச்சு. இன்னிக்கும் தப்பாவலாம்."

நைனா போனை வைத்துவிட்டார். இருட்டும்வரை நாங்கள் இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் கரையேறிவிட்டதாக நைனா அழைத்தார். மெஷின் என்ன காட்டியது என்று கேட்டேன். "எனக்குத் தெரியாத வழியா இன்னா?" என்று முடித்துக்கொண்டார். ஊரிலும் அப்படியே பீற்றிக்கொண்டார்.

அக்கா விடவில்லை. நைனா ஏதாவது சொன்னாரா, தான் சொன்னது சரிதானா என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். தன் நோட்டில் அந்த நாளுக்கு எதிரே கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருந்தார். நைனாவிடம் அழுத்திக் கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நேற்று நைனா கடலுக்குப் போகாமல் அஞ்சலிக்கு வந்தார். கண்ணாடிப் பெட்டி அருகே வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்து அக்காவிடம் மெல்லச் சொன்னார்.

"மெஷினு மணல்மேட்டத்தாம்மா வழினு காட்டிச்சு. லைட்டவுஸ பாத்துதான் வந்தேன்."

அப்போதுதான் உடைந்து அழுதேன்.

இன்று அக்காவின் நோட்டைத் திறந்து, அந்தக் கேள்விக்குறியை அடித்துவிட்டு, 'சரி' என்று எழுதினேன். போய் வாருங்கள், அக்கா.