ஏழாவது டேக்

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்பச் சொல்லி யாரிடமும் மல்லுக்கு நிற்கப் போவதில்லை. நேரங்களை மட்டும் சரியாகத் தருகிறேன். ஒலித்தொகுப்பு என் தொழில். பக்கத்தில் நோட்டை வைத்துக்கொண்டு மணி, நிமிடம், நொடி எல்லாம் குறிப்பது பழக்கம். அன்றும் குறித்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை. இரவு இல்லை. நல்ல வெயில் அடித்த மதியம்.

அண்ணன் ஒலிப்பதிவாளன். அவன் பதிவு செய்து கொண்டுவருவான், நான் வெட்டி ஒட்டுவேன். இருபது வருடம் இப்படியே ஓடியது. என்னைச் 'செவிடி' என்றுதான் கூப்பிடுவான். காதை வைத்துப் பிழைப்பவளுக்கு அவன் வைத்த பெயர்.

அந்த முறை எங்களுக்குக் கிடைத்தது பரோக் காலத்து ஆப்பரா ஒன்று. முந்நூறு வருடத்துக்கு முந்திய பாட்டு நாடகம். மூன்றே முறை மேடையேறிவிட்டு, அப்புறம் சீந்துவாரில்லாமல் ஏதோ ஒரு நூலகப் பெட்டியில் கிடந்ததாம். இப்போதுதான் முதல் தடவையாகப் பதிவாகிறது. கதை பெரிதாக ஒன்றுமில்லை. கடலுக்குப் போன கணவனுக்காக ஒரு ராணி காத்திருக்கிறாள். மூன்று அங்கமும் காத்திருக்கிறாள்.

"யாராவது ஒரு தந்தி அடிச்சிருந்தா அரை மணில முடிஞ்சிருக்கும்," என்றான் அண்ணன்.

"அப்புறம் நமக்குச் சோறு?"

"அதுவும் சரிதான். காத்திருக்கட்டும், பாவம்."

பதிவு நடந்தது ஒரு பழைய பிரார்த்தனைக் கூடத்தில். தெருச் சத்தம் வராமலிருக்க ஜன்னல்களைப் பலகையால் அடைத்து, மேலே மெத்தைகளைச் சாத்தியிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில்தான் அண்ணன் தனியாக உட்கார்ந்திருப்பான். கூடத்தைத் தாண்டாமல் அங்கே போக வழியில்லை. கலைஞர்கள் பதினாறு பேர். அவன் உள்ளே போய்விட்டால் அவர்களுக்கு முகம் தெரியாது, குரல் மட்டும் ஸ்பீக்கரில் கேட்கும். "ரெண்டாம் அங்கம், முதல் பாட்டு, டேக் மூணு" என்பான். அவர்கள் தொடங்குவார்கள்.

வாசல் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. அதன் சுவிட்ச் அண்ணன் மேசையில். விளக்கு எரிந்தால் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. செல்போன்களையெல்லாம் அணைத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். சட்டம் போட்டவன் அவன்தான். முதலில் டின்னில் விழுவதும் அவன் போன்தான்.

ஒவ்வொரு நாளும் கடைசியில், "வெறும் அறை. ஒரு நிமிஷம்" என்று சொல்வான். எல்லோரும் அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காலி அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. நான் வெட்டிய இடங்களில் அதைத்தான் வைத்து நிரப்புவேன். அவன் "போதும்" என்று சொல்லும்வரை ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள்.

வியாழன் கடைசி நாள். ராணியின் கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி.

நான் வீட்டில், ஹெட்போனோடு. இரண்டாம் அங்கத்தில் ஒரு இடத்தில் அரை நொடி அமைதி தேவைப்பட்டது. புதன்கிழமை எடுத்த 'வெறும் அறை'யை ஓடவிட்டேன். மணி 1.40.

இருபத்திரண்டாவது நொடி.

"மூணாம் அங்கம், கடைசிப் பாட்டு, டேக் ஏழு."

அண்ணன் குரல்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. எடுக்காத பாட்டுக்கு ஏழாவது டேக்கா? அப்புறம்தான் உறைத்தது. அந்த ஒரு நிமிடத்தில் யாருமே பேச மாட்டார்களே. அவன் நிச்சயமாகப் பேச மாட்டான்.

திரையைப் பார்த்தேன். குரல் இருந்தால் கோடு எழும்ப வேண்டும். எழும்பவில்லை. நூல் பிடித்தாற்போல் நேராகக் கிடந்தது.

மறுபடி ஓடவிட்டேன். 1.43. அதே குரல். அதற்குப் பிறகு, முதல் தடவை இல்லாத ஒன்று... நாற்காலி உரசும் சத்தம். கனமாக எதுவோ தரையில் விழும் சத்தம். பிறகு மைக்குக்கு வெகு அருகில் ஒரு மூச்சு. சின்னச் சின்னதாக... இழுத்து இழுத்து...

1.46. மூன்றாவது தடவை. மூச்சுக்கு நடுவே...

"செவிடி..."

ஹெட்போனைப் பிய்த்து எறிந்தேன்.

அவன் போன் அணைந்திருந்தது. அண்ணியைக் கூப்பிட்டேன்.

"டின்னுக்குள்ள கெடக்கும். பெத்த அம்மாவே கூப்பிட்டாலும் இன்னிக்கு எடுக்க மாட்டாரு, உனக்குத் தெரியாதா?"

"காலைல அண்ணன் நல்லாத்தானே இருந்தான், அண்ணி?"

"நல்லாத்தான் இருந்தாரு. நெஞ்சு எரியுதுன்னாரு. இடது தோள் வேற குத்துதாம். தலகாணி சரியில்லன்னு என்னைத் திட்டிட்டுப் போனாரு. ஏன்?"

"ஒண்ணுமில்ல அண்ணி. சும்மாதான்."

என்னவென்று சொல்ல? வைத்துவிட்டு ஓடினேன். கை காட்டிய ஒரு வண்டியும் நிற்கவில்லை. டாக்சி கிடைக்கும்போது 2.18.

"கொஞ்சம் சீக்கிரம் போங்கண்ணே. உயிர் போற விஷயம்."

"எவ்வளவு மிதிச்சாலும் முன்னாடி லாரி நிக்குதேம்மா. பறக்கவா முடியும்?"

முப்பத்து மூன்று நிமிடம். கூடத்தின் கேட்டில் இறங்கும்போது 2.51. முற்றத்தைக் கடந்து ஓடினேன். கதவுக்கு மேலே விளக்கு எரியவில்லை. நன்றாகப் பார்த்தேன். எரியவில்லை.

கைப்பிடியில் கை வைத்தேன்.

விளக்கு எரிந்தது.

2.52. கதவு தடிமனானது. அதன் வழியாக, மெல்ல, ஸ்பீக்கரில்...

"மூணாம் அங்கம், கடைசிப் பாட்டு, டேக் ஏழு."

கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன். பயத்தில் இல்லை, நிம்மதியில். பேசுகிறான். இருக்கிறான்! என்ன பைத்தியக்காரி நான். இப்போது கதவைத் திறந்து டேக்கைக் கெடுத்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்.

கையை எடுத்துவிட்டேன்.

வேறு யாராக இருந்தாலும் திறந்திருப்பார்கள். தெருவில் போகிற ஒருவர் திறந்திருப்பார். இருபது வருடப் பழக்கம் என்னைச் சிவப்பு விளக்கின் கீழே நிறுத்திவைத்தது.

உள்ளே ராணி பாடினாள். அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதில்லை. ஒன்பது நிமிடம். 3.01க்கு முடிந்தது.

"வெறும் அறை. ஒரு நிமிஷம்."

கதவுக்கு வெளியே நின்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு நிமிடம் ஆயிற்று.

விளக்கு அணையவில்லை.

இரண்டு நிமிடம். "போதும்" வரவில்லை.

மூன்று...

உள்ளே பதினாறு பேர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே நான். ஒருவரும் அசையவில்லை.

நான்கு...

ஐந்து...

"என்னப்பா ஆச்சு?" உள்ளேயிருந்து யாரோ கேட்டார்கள்.

திறந்தேன். 3.07.

பின் அறையில், நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில் கிடந்தான். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. கை சில்லிட்டிருந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பாதி பிரித்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டு மணி நேரம் ஆயிருக்கும்மா," என்றார். "ஒன்றரை, ஒண்ணே முக்காலுக்கே போயிருக்கணும்."

"மூணு மணிக்குப் பேசினான் டாக்டர்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

மதிய இடைவேளை 1.15க்கு. அவன் தன் அறையிலேயே தனியாகச் சாப்பிடுவான். கலைஞர்கள் திரும்பி வந்தது 2.00க்கு. கடைசிப் பாட்டின் ஏழு டேக்கும் அதற்குப் பிறகு எடுத்தவைதான். முதல் நான்கும் பாதியில் நிறுத்தியவை. ஏழிலும் தொடக்கத்தில் அவன் குரல் இருக்கிறது. அந்த இசைத்தட்டு வெளிவந்தது. அதில் இருப்பது ஏழாவது டேக். அண்ணன் அறிவிக்கும் பகுதியை வழக்கம்போல வெட்டி எடுத்தவள் நான்தான்.

புதன்கிழமை 'வெறும் அறை'யையும் நூறு தடவைக்கு மேல் கேட்டுவிட்டேன். அதில் ஒன்றுமில்லை. அறை மட்டும்தான்.

மூன்று வாரம் கழித்து இசைக்குழுத் தலைவர் வீட்டுக்கு வந்தார். அண்ணன் அவரை 'மேஸ்திரி' என்பான். அதைச் சொன்னதும் சிரித்தார், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் சொன்ன நேரம் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து அவர் சொன்னது இது.

"ஆறாவது டேக்கே எங்களுக்குப் போதும்மா. எல்லாரும் எழுந்துட்டோம். உங்க அண்ணன்தான் விடல. ஸ்பீக்கர்ல சொன்னாரு..."

"என்ன சொன்னான்?"

"'இன்னொண்ணு எடுத்துடலாம். தங்கச்சி கேட்டுக்கு வந்துட்டா. லைட்டைப் பாத்தா நின்னுடுவா'ன்னாரு."